கலைக்காத தொட்டிகள்

"இழுக்காதேக்கா. இழுத்தா அறுந்துடும். தண்ணிக்குள்ளயே ஆட்டு, அதுவா விட்டுக்கொடுக்கும்."

"நான் உனக்குச் சொல்லித் தந்ததை எனக்கே திருப்பிச் சொல்றியா?"

"பின்ன? கை இங்க இருக்கு, கவனம் எங்கயோ இருக்கு. ரெண்டு தடவை சல்லடைக்கு வெளியில ஊத்திட்ட. என் வேரெல்லாம் இந்நேரம் சாக்கடையில நீச்சல் பழகிட்டிருக்கும்."

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

ஆய்வு நிலையத்தின் பின்பக்கம், செடிகளைக் கழுவும் அறையில், அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு முக்காலியில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அகலமான பேசின். மண் கரைந்த தண்ணீர் ஆறிப்போன தேநீரைப் போல் இருந்தது. அதற்குள் ஒரு தொட்டிச் செடியின் வேர்கள், யாரோ தலைக்குக் குளித்துவிட்டு உலர்த்தாமல் விட்ட கூந்தலாக மிதந்தன. செடிகளின் மேல்பாகத்தை வெட்டி, உலர்த்தி, எடை பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது வேர். அதையும் கழுவி முடித்துவிட்டால் இளையவளின் சோதனை முடிந்தது.

சோதனை இரண்டு செடிகளைப் பற்றியது. ஒன்று ஒல்லியாக உயர்ந்து வளரும் புல். மற்றது தரையோடு படரும் மூன்றிலைச் செடி. அவற்றுக்குப் புத்தகத்தில் நீளமான பெயர்கள் உண்டு. நிலையத்தில் எல்லோரும் நெட்டை, குட்டை என்றுதான் சொல்வார்கள். சில தொட்டிகளில் நெட்டை தனியாக வளரும், சிலவற்றில் குட்டை தனியாக. சிலவற்றில் நெட்டையும் நெட்டையும், சிலவற்றில் குட்டையும் குட்டையும். மீதியில் ஒரு நெட்டை, ஒரு குட்டை. அவற்றுக்குக் கலப்புத் தொட்டி என்று பெயர். யார் யாரை எவ்வளவு நெருக்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. அக்கா முதலில் இந்த வேலைக்கு வந்தாள். சில வருடம் கழித்துத் தங்கையும் அதே நிலையத்துக்கு, அதே கேள்விக்கு, அதே வாடகை அறைக்கு வந்து சேர்ந்தாள்.

"இது எந்தத் தொட்டி?" என்றாள் மூத்தவள்.

"ரெண்டும் நெட்டை. பிரிக்காதே, பிரிக்க முடியாது. கலப்புத் தொட்டின்னா நிறத்தை வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம். ஒரே இனம்னா எது யார் வேருன்னு கடவுளுக்கும் தெரியாது. சேர்த்து எடை போட்டு ரெண்டால வகுத்துட வேண்டியதுதான்."

"அதுல ஒண்ணு மொத்தத்தையும் தின்னுட்டு, இன்னொண்ணு பட்டினி கிடந்திருந்தா?"

"கணக்குல ரெண்டும் சமம். அம்மா நமக்குப் பலகாரம் பங்கு வெச்ச மாதிரி." இளையவள் இடுக்கியால் ஒரு கூழாங்கல்லை எடுத்து எறிந்தாள். "நீ அஞ்சு தின்னுட்டு வாயைத் துடைச்சுட்டு நிப்ப. அம்மா மிச்சத்தைச் சரி பாதியா வெப்பாங்க."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு குடில்காரர் உள்ளே வந்தார். கண்ணாடிக் குடில் முழுவதும் அவர் பொறுப்பு. தண்ணீர்க் குழாய், மேல் ஜன்னல், பூச்சி மருந்து எல்லாம் அவர் கை. கழுவும் அறைக்கு அவர் வருவது பெரும்பாலும் பேச்சுத் துணைக்கு.

"என்னம்மா, வெள்ளிக்கிழமைப் பேச்சு தயாரா? ஊரே உன் குட்டையைப் பத்தித்தான் பேசுது."

"தயாராத்தான் இருக்கேன். கேக்கறீங்களா?"

"வேண்டாம்னா விடவா போறே?"

இளையவள் ஈரக்கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். பேசின்தான் மேசை, குடில்காரர்தான் சபை.

"ஒரு செடிக்கு எதிரி ரெண்டு வகை. ஒண்ணு சொந்த இனம். இன்னொண்ணு வேத்து இனம்."

"எனக்கு முதல் வகையே போதும்மா. மச்சானுங்க மூணு பேரு இருக்கானுங்க."

"குறுக்க பேசாதீங்க. இதுல சொந்த இனம்தான் பெரிய எதிரியா இருக்கணும். ஏன்னா ரெண்டுக்கும் தேவை ஒண்ணு. ஒரே ஆழத்துல தண்ணி, ஒரே உயரத்துல வெளிச்சம். அப்படி இருந்தா, ஒரு இனம் பெருகப் பெருகத் தன்னையே நெருக்கிக்கும். தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்திக்கும். பக்கத்துல இருக்கறதுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும். ரெண்டும் சேர்ந்து வாழும்."

"தன்னை விட்டுட்டு அடுத்தவனை நெருக்கினா?"

"அப்ப ஒண்ணுதான் மிஞ்சும். அக்கா செஞ்ச சோதனையில அதான் ஆச்சு. கொழுத்த மண்ணுல நெட்டை குட்டையைத் துடைச்சுப் போட்டுடுச்சு. நான் மெலிஞ்ச மண்ணுல போட்டேன். பாருங்க, குட்டை தன் இனத்துப் பக்கத்துல இருந்ததைவிட நெட்டை பக்கத்துல நல்லா இருக்கு! நான் நினைச்சதைவிட ரொம்ப நல்லா."

"அக்கா தோத்துட்டா, தங்கச்சி ஜெயிச்சுட்டா. அதைத்தானே இவ்வளவு சுத்தி வளைச்சுச் சொல்றே?" குடில்காரர் கையைத் தட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக மூத்தவள் பக்கம் திரும்பினார். "ஆமா, இவ ஊருக்குப் போயிருந்தப்ப நானும் லீவுல இருந்தேனே. திங்கட்கிழமைக் கலைப்பெல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?"

இளையவள் முந்திக்கொண்டாள். "அக்கா இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

குடில்காரர் இன்னும் மூத்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றாள் மூத்தவள்.

சொல்லிவிட்டுக் குனிந்து பேசினுக்குள் கையை விட்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. காது மட்டும் கொதித்தது.

*

கலைப்பு என்பது அந்த நிலையத்தில் எழுதாத சட்டம். குடிலுக்குள் இருக்கும் மேசைகள் நீளமானவை. பார்வைக்கு எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் கதவோரம் ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் குளிர்காற்று அடிக்கும். நடுமேசைக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரும். உயரமானவன் குடித்தது போக மீதிதான் கீழே இருப்பவனுக்கு. கண்ணாடிச் சுவரோரமோ பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் சாய்ந்து விழும். அங்கே குட்டையானவனுக்கும் யோகம். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் எல்லோரும் வந்து தங்கள் தொட்டிகளைச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் இடம் மாற்றிப் போடுவார்கள். எந்தத் தொட்டியும் இடத்தின் தயவில் பிழைக்கக் கூடாது.

ஊரில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று தொலைபேசி வந்தபோது இளையவள் செடிகளின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். அளப்பதற்கு வசதியாகத் தொட்டிகளை வகைவாரியாக வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். தனிச்செடிகள் கதவோரம், ஒரே இனத்து இரட்டைகள் நடுவில், கலப்புத் தொட்டிகள் கண்ணாடிச் சுவரோரம். அளவுகோலை அப்படியே போட்டுவிட்டு அக்காவிடம் ஓடி வந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. யாராவது ஒருவர் போய்க் கூட இருக்க வேண்டும்.

மூத்தவளுக்கு அப்போது ஒரு கட்டுரை முடியும் தறுவாயில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கையே சொல்லிவிட்டாள்.

"நீ இரு. நான் போறேன். நான் அப்பாவைப் பாத்துக்கறேன், நீ செடியைப் பாத்துக்கோ."

பேரம் அவ்வளவுதான். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்கும் மேல் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்கப் பழக்கி.

முதல் திங்கட்கிழமை மூத்தவள் மறந்தே போனாள். அது மட்டும் சத்தியமான மறதி. அடுத்த திங்கட்கிழமை நினைவு இருந்தது. தன் தொட்டிகளைக் கலைத்தாள். பிறகு தங்கையின் மேசைக்கு வந்தாள். தொட்டிகள் வகைவாரியாக, ரயிலில் முன்பதிவு செய்து உட்கார்ந்த பயணிகள் மாதிரி தத்தம் இடத்தில் இருந்தன. ஒரு தொட்டியில் கை வைத்தாள். அன்று காலையில்தான் அறிவிப்பு வந்திருந்தது: நிலையத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம், உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தங்கையும் விண்ணப்பிப்பாள். கையை எடுத்துவிட்டாள்.

என்ன நினைத்தாள் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரிய பாவமாக அப்போது தோன்றவில்லை. தொட்டிகளைக் கலைக்காவிட்டால் எண்கள் குழம்பும். முடிவு என்று ஒன்று தேறாது. இன்னொரு முறை செய்யச் சொல்வார்கள். தங்கை சின்னவள்தானே, அடுத்த வாய்ப்பு வரும். வெறும் குழப்பத்தைத்தான் விரும்பினாள். தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினாள். ஒரு செடிகூட வாடவில்லை. தன்னைத் தேற்றிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஆனால் குழப்பம் வரவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் குளித்த கலப்புத் தொட்டிகளில் குட்டை செழித்துப் படர்ந்தது. நெட்டையின் நிழல் அதன்மேல் விழவே இல்லை. நடுமேசையில் இருந்த குட்டை ஜோடிகள் வெளிச்சம் போதாமல் சோனியாக நின்றன. தங்கை திரும்பி வந்தபோது தொட்டிகள் வகைவாரியாக நின்றதைப் பார்த்து, வெட்டுவதற்கு வசதியாக அக்கா அடுக்கி வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். வெட்டி எடை பார்த்தபோது எண்கள் பளிச்சென்று ஒரே திசையில் நின்றன. கெடுக்கப்போனவள் கிரீடம் சூட்டிவிட்டாள். நிலையமே திரண்டு வந்து பார்த்தது.

அன்று தங்கை அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். "உன் கை ராசிக்கா!"

*

இயக்குநருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். யார் பேசினாலும் வாக்கியத்தைப் பாதியில் வெட்டுவார். புதன்கிழமை மதியம் மூத்தவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் ஜன்னலோரம் ஒரே ஒரு கள்ளிச்செடி இருந்தது. அதற்கும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

"உக்காரு. வேர் வேலை எதுவரைக்கும் இருக்கு?"

"இன்னிக்கு முடிஞ்சிடும் மேடம்."

"நல்லது. நாளன்னைக்கு உன் தங்கச்சி பேசி முடிச்சதும் தேர்வுக்குழு உக்காரும். நீ, அவ, பாசிக்காரர். மூணு பேர், ஒரு நாற்காலி."

பாசிக்காரர் என்பவர் அடுத்த கட்டிடத்தில் கண்ணாடித் தொட்டிகளில் பாசி வளர்ப்பவர். யார் வம்புக்கும் போகாத மனிதர். இந்தப் போட்டியில் அவரை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றார் கத்தரிக்கோல். "அவ ஊருக்குப் போயிருந்தப்ப தொட்டியெல்லாம் உன் பொறுப்புலதானே இருந்துச்சு?"

"ஆமா மேடம். அதுல ஒரு—"

"தெரியும், ஒரு பருவம்தான் ஆகியிருக்கு, மறுபடி செஞ்சு பாக்கணும்னு சொல்லப்போறே. செய்வோம். அதுக்குக் காலம் இருக்கு. நீ பாத்துக்கிட்டேன்னா நான் வேற யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"மேடம், நான் சொல்ல வந்தது—"

"உனக்குக் கஷ்டமா இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். உன் முடிவுக்கு நேர் எதிரா வந்து நிக்கறா, அதுவும் உன் கூடப் பிறந்தவ. உன் இடத்துல நான் இருந்திருந்தா போற போக்குல ரெண்டு தொட்டியையாவது உதைச்சுத் தள்ளியிருப்பேன்." அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நீ தண்ணி ஊத்தி வளர்த்துக் குடுத்திருக்க. இந்தப் பெருந்தன்மை எல்லாருக்கும் வராதும்மா. குழுவுல நான் இதையும் சொல்லுவேன்."

மூத்தவள் எழுந்து நின்றாள். சொல்ல வந்ததை இரண்டு முறை வெட்டிவிட்டார், உண்மைதான். மூன்றாவது முறையும் வாயைத் திறந்திருக்கலாம். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. "நன்றி மேடம்" என்றுதான் வெளியே வந்தது. அந்த வார்த்தையை நாக்கோடு சேர்த்துப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது.

நடைபாதையில் எதிரே வந்த பாசிக்காரர் ஒதுங்கி வழிவிட்டு, "தங்கச்சிக்கு வாழ்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் கண்ணையும் பார்க்க முடியவில்லை.

நேராகக் குடிலுக்குப் போனாள். மதிய வெயில் கண்ணாடிச் சுவர் வழியாகச் சரிந்து, தங்கையின் காலி மேசையின் அந்த ஒரு முனையில் மட்டும் தங்கமாகக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் மங்கல். கதவோரம் சாம்பல். மரப்பலகையில் தொட்டிகள் இருந்த இடங்களில் வட்ட வட்டமான தண்ணீர்க் கறைகள். பழைய தடங்கள் மங்கியிருந்தன; புதிய கறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுத்தமாக, தனித்தனியாக இருந்தன. பக்கத்தில் மூத்தவளின் மேசையில் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சங்கிலி மாதிரிப் படர்ந்திருந்தன. விஷயம் தெரிந்த கண் எதுவானாலும் ஒரு பார்வையில் புரிந்துவிடும். தங்கை தினமும் இதே மேசையைக் கடந்துதான் போகிறாள். அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் அந்தக் கண்ணோடு பார்க்கவே இல்லை.

ஒரு ஈரத்துணியை எடுத்து அந்த வட்டங்களைத் துடைக்கலாமா என்று ஒரு கணம் கை போனது. துணியைத் தொட்டதும்தான் தன்னைப் பார்த்தாள். குடிலில் யாரும் இல்லை. ஆனாலும் கூனிக்குறுகி நின்றாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. அப்பா.

"வேலையில இருக்கியாம்மா?"

"சொல்லுங்கப்பா. இடுப்பு எப்படி இருக்கு?"

"இப்போ வாசல் வரைக்கும் கோலோட போறேன். தபால்காரனோட சண்டை போடற அளவுக்குத் தேறிட்டேன். அது கிடக்கட்டும், சின்னவ நேத்துப் பேசினா. அவ ஜெயிச்சதுல பாதி நீதானாமே. அக்கா மட்டும் செடியைப் பாத்துக்கலைன்னா எனக்கு இது இல்லைன்னு ஒரே பாட்டு. கேக்கச் சந்தோஷமா இருந்துச்சும்மா."

"அப்பா…"

"ரெண்டு பேர்ல யாருக்கு வேலை கிடைச்சாலும் எனக்கு ஒண்ணுதான். நான் என்ன பிரிச்சா பாக்கப்போறேன்?"

சேர்த்து எடை போட்டு இரண்டால் வகுத்துவிட்டார் அவரும். அழைப்பு முடிந்த பிறகும் அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

*

அவர்களுடைய அறை இரண்டாவது மாடியில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. பகல் முழுவதும் கீழிருந்து தையல் மெஷின் சத்தம் தரை வழியாக உள்ளங்காலுக்கு வரும். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு கண்ணாடி. கண்ணாடியில் முதலில் யார் தலைவாருவது என்று தினமும் காலையில் சண்டை நடக்கும். அலமாரியில் துணிகளுக்கு எல்லை கிடையாது. முதலில் கை போட்டவளுக்குச் சட்டை சொந்தம்.

வியாழக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, இளையவள் அக்காவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"எப்படி இருக்கேன்?"

"திருடி மாதிரி இருக்கே."

"உன் சட்டைதானே, வேற யாரோடதோ இல்லையே. நாளைக்கு இதான். ராசியான சட்டை. ஐயோ, ஒரு பொத்தான் தொங்குது பாரு."

"கழட்டாதே, இங்க வா. அப்படியே தைச்சுடறேன்."

மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். இளையவள் எதிரே நின்றாள். தங்கையின் மூச்சு அவள் தலையுச்சியில் பட்டது. ஊசி ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது.

"முதல் வரி என்னன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றாள் இளையவள். "'இந்தச் சோதனை என் அக்காவுக்கு நன்றி சொல்லித் தொடங்குது.' எப்படி? கத்தரிக்கோல்கூட அழுதுடும்."

ஊசி நின்றது.

"அதைச் சொல்லாதே."

"ஏன்? வெக்கமா?"

"நான் கலைக்கலை."

"என்ன?"

"தொட்டிங்களை. நீ போயிருந்தப்ப. நான் கலைக்கலை."

இளையவள் முதலில் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள். பிறகு குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் விட்டுப்போச்சா?"

"இல்ல."

"ஒரு திங்கட்கிழமைகூடவா கலைக்கலை?"

"ஒண்ணுகூட."

கீழே மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. இளையவளின் கண்கள் அறையில் இல்லை. அவள் அந்த மேசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள் என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. கோபத்துக்கு முன்னால் அவளுக்குக் கணக்கு வந்தது. அதுதான் அவள்.

"கலப்புத் தொட்டி எல்லாம் கண்ணாடி ஓரம். நான்தான் வெச்சேன்," என்றாள் மெதுவாக. "பக்கத்து வெளிச்சம். நெட்டையோட நிழல் தொட்டிக்கு வெளிய விழுந்திருக்கும். குட்டை ஜோடிங்க நடுவுல." கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப அது மண்ணால இல்ல. ஒண்ணுமே இல்ல. இடம்."

"ஆமா."

"நான் ஊர் முழுக்க… அப்பாகிட்ட…" கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். "மறந்துட்டியா?"

இங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. ஆமாம் என்றால் போதும். கட்டுரை வேலை, நெருக்கடி, மறதி. தங்கையே திறந்துவைத்த வாசல்.

"முதல் வாரம் மறந்தேன்," என்றாள் மூத்தவள். "அப்புறம் மறக்கலை."

"உன் தொட்டிங்களை?"

"கலைச்சேன்."

"ஒவ்வொரு வாரமும்?"

"ஒவ்வொரு வாரமும்."

இளையவள் பின்னால் நகர்ந்தாள். நூல் இழுபட்டது. ஊசி மூத்தவளின் விரலிலிருந்து நழுவிச் சட்டையில் தொங்கியது.

"நான் அங்க அப்பாவுக்குக் கால் தேய்ச்சு விட்டுட்டிருந்தேன்க்கா. நீ தினமும் போன்ல என்ன சொன்ன? 'செடி நல்லா இருக்கு, கவலைப்படாதே.'"

"செடி நல்லாத்தான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே கேட்டது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கையை எடு," என்றாள் இளையவள். "அழறதுன்னா அப்புறம் அழு. இப்ப ஏன் சொன்ன? வேர் கழுவும்போது சொல்லலை. குடில்காரர் கேட்டப்ப 'ம்'னு சொன்ன. இப்ப ஏன்?"

"நாளைக்கு நீ எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு அதைச் சொன்னா, அடுத்த வருஷம் யாராவது மறுபடி செஞ்சு பாப்பாங்க. அப்ப நீ பொய்க்காரின்னு ஆயிடும். நான் பண்ணினது உன் தலையில விடியும்."

"நாளைக்கு நான் நிக்கலைன்னா?"

மூத்தவள் நூல்கண்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சொல்லுக்கா. நாளைக்கு நான் பேசாம விட்டுட்டா அந்த நாற்காலி யாருக்கு?"

"நான் அதுக்காகச் சொல்லலை."

"எனக்கு எப்படித் தெரியும்?" இளையவளின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "கலைக்காம விட்டது உனக்கு லாபமா இருக்கும்னு நினைச்சு விட்ட. இப்ப சொல்றதும் உனக்குத்தான் லாபம். பொய்யும் உன் பக்கம், நிஜமும் உன் பக்கம். எனக்குன்னு எந்தப் பக்கம்க்கா விட்டு வெச்சிருக்க?"

இதைத்தான் மூத்தவள் இரண்டு நாளாகத் தனக்குள் பார்க்காமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முதன்முதலில் தோன்றிய அந்த நிமிடம், மனத்தின் ஏதோ ஒரு மூலையில், நிரந்தர வேலை என்ற சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் துரத்தினாள். முழுவதும் போகவில்லை. தங்கை அதைச் சரியாகத் தொட்டுவிட்டாள்.

"நானே கத்தரிக்கோல்கிட்ட போறேன்," என்றாள் கடைசியில். "தப்பு என்னோடதுன்னு சொல்றேன். உன் பேருக்கு ஒண்ணும் வராது."

"போ. அங்க என்ன நடக்கும் தெரியுமா? 'தங்கச்சிக்கு எதிராவும் உண்மை பேசினா, என்ன நேர்மை'ம்பாங்க. உனக்கு இன்னொரு மாலை விழும்."

நேற்று மதியம் விழுந்த மாலையைப் பற்றித் தங்கைக்குத் தெரியாது. மூத்தவள் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

இளையவள் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டையை மடித்தாள், ஊசி குத்தாமல் பார்த்து மடித்தாள், அக்காவின் மடியில் வைத்தாள். பிறகு தன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு நான் பேசமாட்டேன்," என்றாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "இல்ல, பேசுவேன். தொட்டி கலையலை, முடிவு செல்லாது, மறுபடி விதைக்கணும்னு பேசுவேன். அது என் வேலை. அதுல உன் பேரைச் சொல்லமாட்டேன். அதை நீதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"இரு. முடிக்கலை." திரும்பினாள். அழுதிருக்கவில்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது. "நீ சொல்றதுக்கு முன்னாடி உன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கோ. முதல்ல விலகு, அப்புறம் சொல்லு. அந்த வரிசையில."

மூத்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப நமக்கு ரெண்டு பேருக்குமே…"

"கிடைக்காது. பாசிக்காரர் உக்காருவார். உக்காரட்டும், நல்ல மனுஷன். அடுத்த வருஷமும் நாம இதே அறையிலதான் இருப்போம். ஒரே மேசை, ஒரே கண்ணாடி. எனக்கு அதுல வருத்தமில்ல. ஆனா நீ விலகாம சொன்னா, காலம்பூரா உன் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, இவ எதுக்காகச் சொன்னா, எதுக்காகச் சொன்னான்னு யோசிச்சுட்டே கிடப்பேன். என்னால அப்படி இருக்க முடியாது."

மேசைமேல் கிடந்த அக்காவின் தொலைபேசியை எடுத்தாள். கத்தரிக்கோலின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாள். அழுத்தவில்லை. வந்து கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த நீலச் சட்டையின்மேல் அதை வைத்தாள். சட்டையிலிருந்து தொங்கிய நூலின் முனையில் ஊசி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கீழே தையல் மெஷின் நின்றுபோயிருந்தது.

"நானாச் செய்ய வெச்சதா இருக்கக் கூடாது. நீயா அழுத்தணும்," என்றாள். "செய்றியாக்கா?"